பொன்னழகு சார் எழுதிய கடைசிப் பரீட்சை

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே போய்ப் பொன்னழகு யார் என்று கேட்டால் பிள்ளைகள் முழிக்கும். "ஓஎம்ஆர் சார் எங்கப்பா?" என்று கேட்டால் ஆளாளுக்கு முந்திக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும்.

குரூப் ஃபோர் பரீட்சை தெரியாத வீடு இந்தச் சீமையில் கிடையாது. கிளார்க்கு வேலையிலிருந்து விஏஓ வேலை வரைக்கும் அந்த ஒரே பரீட்சைதான். இருநூறு கேள்வி, மூணு மணி நேரம். கேள்விக்கு ஒரு வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்ப வேண்டும். நிரப்பினது நிரப்பினதுதான், அழிக்க வழியில்லை. அந்த வட்டத்தாளுக்குப் பேர் ஓஎம்ஆர். அதை எப்படி நிரப்புவது என்று சொல்லிக் கொடுப்பதில் பொன்னழகை மிஞ்ச ஆள் இல்லை. இதை அறிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒருத்தன் வேலை செய்கிறபோது அவன் கையைப் பார்த்தால் போதும். மூணாங்கிளாஸோடு படிப்பை நிறுத்திவிட்டு, சொந்தக் கையை ஊன்றி எழுந்த யாருக்கும் அந்தப் பார்வை தானாக வந்துவிடும்.

பாடம் நடத்த வேறு வாத்தியார்கள் உண்டு. பொன்னழகு நடத்தியது பரீட்சை எழுதுகிற வித்தையை மட்டும்.

"தெரிஞ்ச கேள்வியை மொதல்ல அறுத்துக் கட்டு. தெரியாததுகிட்டப் போயி வாய்க்கா வரப்புத் தகராறு பண்ணாத. என்ன பண்ணாத?"

"தகராறு பண்ணக் கூடாது சார்!"

"நாலு விடையில ரெண்டு சும்மா ஒப்புக்கு நிக்கும். அதுகளத் தொரத்து. மீதி ரெண்டுல, 'எப்போதும்', 'மட்டுமே'ன்னு அடிச்சுப் பேசுறவன நம்பாத. ஏலே, கடைசி பெஞ்சு! கீழ பிரியாணி வாசம் வந்தா மேல மூளை ஓடாதா?"

வகுப்பு சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

"இது தப்புக்கு மார்க்கு கொறைக்கிற பரீட்சை இல்ல. எதையும் வெறுமனே விட்டுட்டு வந்து என் மூஞ்சியில முழிக்காதீங்க."

எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய பாட்டு முறை ஒன்று இருந்தது. கேள்விக்கு ஒரு தடவை வட்டத்தாளுக்குப் போய் வந்தால் நேரம் ஓடிப் போகும். அதனால் கேள்வித்தாளிலேயே ரெண்டு பக்கத்துக்கு விடையைக் குறித்துக்கொண்டு, பிறகு "பி, டி, ஏ, ஏ, சி" என்று வாய்க்குள் ராகம் போட்டபடி வட்டங்களை மொத்தமாக நிரப்புவது. நாற்று நடுகிறவள் வரிசையைப் பார்த்தா நடுகிறாள்? கை போகும். அப்படித்தான் பொன்னழகுக்கும் கை போகும். அவரிடம் பழகிய பிள்ளைகள் பழனியில், நத்தத்தில், தொப்பம்பட்டியில் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர் மட்டும் உட்காரவில்லை.

எழுதாமல் இல்லை. பரீட்சை வரும்போதெல்லாம் எழுதினார். ஒரு தடவை காய்ச்சல். ஒரு தடவை மையக்காரர் ஆண்டனிராஜ் முதல்நாள் வரைக்கும் மாதிரித் தேர்வு வைத்து அவரைக் கசக்கிப் பிழிந்துவிட்டார். மற்ற தடவைகளில் ஒன்றிரண்டு மார்க்கில், வாசல்படி வரைக்கும் போய் நின்றுபோச்சு. இப்போது விஏஓ வேலைக்கான வயசு இந்தப் பரீட்சையோடு முடிகிறது.

அவருக்கு விஏஓ வேலைதான் வேண்டும். அகரம் கிராமத்தில் அவருடைய அப்பா கண்ணுசாமி கோழிக்கொண்டைப் பூ பயிர் வைக்கிறவர். ஒரு பட்டா மாறுதலுக்காக அந்த மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டாமல் நாள் முழுக்க விஏஓ ஆபீஸ் வாசலில் நின்றதைப் பொன்னழகு சின்னதில் பார்த்தவர். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பெண்டாட்டி ஜீவிதா நூல் மில்லுக்குப் போகிறாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, பேசப் பேச இருமல் வரும். டாக்டர் மில்லை விடச் சொல்லிவிட்டார். விட்டால் அடுப்பு எரியாது. பொன்னழகு பாஸானால் அவள் மில்லை விடலாம். சங்கதி இவ்வளவுதான்.

ஆண்டனிராஜ் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கலே. மையத்துக்குப் பின்னால் ரெண்டு ரூமைக் குடியிருக்கக் கொடுத்திருந்தார். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். பொன்னழகு லீவு கேட்டால் மட்டும் முகம் தொங்கிப்போகும்.

"சார், நீங்க பாஸாயிட்டீங்கன்னா என் கடையில ஷட்டரை எறக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்." சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அந்தச் சிரிப்பிலே பாதி நிஜம் இருக்கும். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

மச்சினன் முகேஷ்குமாருக்கு அந்தச் சிரிப்பும் கிடையாது. "ஏன் மாமா, நீங்க நீச்சல் சொல்லிக் குடுத்தவனெல்லாம் அக்கரையில நின்னு கை ஆட்டுறான். நீங்க என்ன இன்னும் படித்துறையில துண்டக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"வாய மூடுறா," என்பாள் ஜீவிதா. அதற்குள் இருமல் வந்துவிடும். அந்த இருமல்தான் பொன்னழகுக்கு மச்சினன் பேச்சைவிட உறைக்கும்.

பரீட்சை நாள் வந்தது. பழனி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு இடம். கேட்டுக்குள் காலை வைத்ததுமே "சார்! சார்!" என்று கூட்டம் சூழ்ந்துகொண்டது. பாதிப் பேர் அவருடைய வகுப்புப் பிள்ளைகள்.

"சார், நீங்களும் எழுதுறீங்களா?"

"பின்ன, ஒங்களப் பாக்கவா வந்தேன்? போங்க, போயி தண்ணி குடிங்க. ஹால் டிக்கெட்டக் கையில வைங்க."

அறைக்குள் போனால் அவருக்கு முன் பெஞ்சில், சற்றுச் சாய்வாக, பானுப்ரியா உட்கார்ந்திருந்தாள். ஆயக்குடிப் பெண். கொய்யாத் தோப்பில் கூலிக்குப் போகிற குடும்பம். கெட்டிக்காரி, ஆனால் ஒரு கேள்வியில் மாட்டினால் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி அங்கேயே கிடப்பாள். எத்தனை மாதிரித் தேர்வில் அவள் பெஞ்சருகே நின்று "பக்கத்தத் திருப்பு தாயி" என்று தட்டியிருப்பார்!

மணி அடித்தது. பொன்னழகு ஆரம்பித்தார். கேள்விகள் அவருக்குப் பழகின முகங்களாக வந்தன. நாலில் ரெண்டைத் துரத்தினார். மீதி ரெண்டில் அடித்துப் பேசுகிறவனைத் தள்ளினார். ரெண்டு ரெண்டு பக்கமாகப் பாட்டுப் பாடி வட்டங்களை நிரப்பினார். மனசுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. இந்தத் தடவை கிடைக்கும் என்று தெரிந்தது. ஜீவிதாவிடம், நாளையிலிருந்து போகாதே என்று எந்த வார்த்தையில் சொல்வது என்றுகூட ஒரு நொடி ஓடியது.

அடுத்த ரெண்டு பக்கத்தையும் குறித்து முடித்து, பேனாவை வட்டத்தாளில் வைத்துப் பாட்டைத் தொடங்கினார். "சி, ஏ, டி, பி..."

அப்போதுதான் முன் பெஞ்சு கண்ணில் பட்டது. பானுப்ரியா முதல் பக்கத்திலேயே இருந்தாள். பேனா மூடியைக் கடித்தபடி ஒரே கேள்வியை முறைத்துக்கொண்டிருந்தாள்.

அது அவர் பாடில்லை. அந்த அறையில் அவர் வாத்தியார் இல்லை, எழுத வந்த ஆள். ஆனால் வருஷக் கணக்காகப் பெஞ்சுக்கு நடுவில் நடந்த கண் அது. எவன் பக்கத்தைத் திருப்புகிறான், எவன் திருப்பவில்லை என்று சத்தத்திலேயே தெரியும். வாய் பாட்டைப் பாடியது, கை வட்டத்தை நிரப்பியது. மனசு முழுக்க முன் பெஞ்சில் நின்றுகொண்டு, 'திருப்பு தாயி, திருப்பு, விட்டுத் தொலை' என்று அடித்துக்கொண்டது.

கடைசியில் அவள் ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். பொன்னழகுக்கு நெஞ்சு லேசானது. குனிந்தார். பாட்டு முடிந்திருந்தது. வட்டத்தாளில் அந்த ரெண்டு பக்கத்துக்கான கடைசி வரிசை காலியாக மிச்சம் நின்றது.

முதலில் விளங்கவில்லை. விரலை வைத்துக் கீழிருந்து மேலே தடவிக்கொண்டே போனார். மேலே, பாட்டின் ஆரம்பத்தில், ஓர் எழுத்தை விழுங்கியிருக்கிறார். அதற்குக் கீழே இருந்த ஒவ்வொரு விடையும் அடுத்த கேள்வியின் விடை. எல்லாம் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்திருந்தன. கறுப்பு மையில், கெட்டியாக, அவர் சொல்லிக் கொடுக்கிற மாதிரியே ஒழுங்காக.

இதற்கு என்ன வித்தை? தலைக்குள் துழாவினார். பக்கத்து வட்டத்தையும் நிரப்பினால் அந்த வரிசையே செல்லாது. சுரண்டினால் மொத்தத் தாளும் செல்லாது. அடுத்தடுத்த ரெண்டு கேள்விக்கு ஒரே எழுத்து விடையாக வந்த இடங்கள் மட்டும் தப்பும். அந்த இடங்களைத் தேடினார். சந்தையில் காசைத் தொலைத்தவன் மண்ணைக் கிளறுகிற மாதிரி தேடினார். அங்கொன்று இங்கொன்று கிடைத்தது. போதாது.

கையைத் தூக்கினார். கண்காணிப்பு டீச்சர் வந்தார்.

"வேற தாள் கிடைக்குமா மேடம்?"

"பேரு, நம்பரெல்லாம் அச்சாகி வர்ற தாளுங்க. ஆளுக்கு ஒண்ணுதான்." அவர் குரலைத் தணித்தார். "நீங்க ஓஎம்ஆர் சார்தானே? எங்க தம்பி ஒங்ககிட்டத்தான் படிச்சான். ஒங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும் மேடம்," என்றார் பொன்னழகு.

எழுந்து போகவும் முடியாது. மணி அடிக்கிற வரைக்கும் யாரும் வெளியே போகக் கூடாது. ஜன்னல் கம்பிக்கு வெளியே மலைக்கோட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மீதிக் கேள்விகளை எழுதினார். ஒன்றைக்கூட வெறுமனே விடவில்லை. பாட்டுப் பாடவில்லை. ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் பார்த்து, முதல் தடவை எழுத வந்த பிள்ளை மாதிரி எழுதினார். அதனால் நேரம் இழுத்துக்கொண்டு, கடைசிக் கேள்விகளைப் படிக்காமலே நிரப்ப வேண்டியதாயிற்று.

வெளியே வந்ததும் பானுப்ரியா ஓடி வந்தாள். "சார், மொதப் பக்கத்துலயே மாட்டிக்கிட்டேன் சார். கை காலெல்லாம் ஓடல. அப்புறம் நீங்க பின்னாடி நின்னு திட்டுற மாதிரியே இருந்துச்சு. படக்குன்னு திருப்பிட்டேன். அதுக்கப்புறம் மளமளன்னு போயிருச்சு."

"நல்லது தாயி."

"ஒங்களுக்கு எப்படி சார்? ஒங்களுக்கென்ன, சும்மா ஊதித் தள்ளியிருப்பீங்க."

"ம்," என்றார்.

வீட்டில் ஜீவிதா கேட்டாள். "ஏங்க, எப்படி?"

"கேள்வி கொஞ்சம் கஷ்டம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மில் பஸ் ஹாரன் அடித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமியபடியே படி இறங்கினாள்.

ரிசல்ட் வந்தபோது பானுப்ரியா பேர் இருந்தது. பொன்னழகு பேர் இல்லை. ஆண்டனிராஜ் அன்றைக்கே ஃப்ளெக்ஸ் அடித்து மாடி முகப்பில் கட்டிவிட்டார். பாஸான பிள்ளைகள் படமெல்லாம் சின்னச் சின்னதாக, நடுவில் பொன்னழகு படம் ஆளுயரத்துக்கு. "வருத்தப்படாதீங்க சார்," என்று தோளில் கை போட்டார். "நீங்க இங்க இருக்கணும்னு ஆண்டவன் நெனைக்கிறான்." அவர் கண் கலங்கித்தான் இருந்தது. பொன்னழகால் கோபப்படவும் முடியவில்லை.

புது வகுப்பு சேர்ந்தது. முன்னைவிடக் கூட்டம். வட்டத்தாள் நிரப்புகிற பாடம் வந்த அன்றைக்குப் பொன்னழகு பாட்டு முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"ஆனா ஒண்ணு. அஞ்சு எழுத்துக்கு ஒரு தடவ நம்பரப் பாக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பாக்கல."

"என்ன சார் ஆச்சு?"

சொன்னார். ஒருத்தர் பரீட்சை எழுதப் போனார், முன் பெஞ்சுக்காரி பக்கம் திருப்பலையேன்னு கவலைப்பட்டார், ஓர் எழுத்தை முழுங்கிட்டார். கையை ஆட்டி, முழியை உருட்டி, அந்த ஆள் காலி வரிசையைப் பார்த்து முழித்ததை நடித்தே காட்டினார். வகுப்பு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கதவோரம் நின்ற ஆண்டனிராஜுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவளோட பரீட்சைய இவரு ஏன் சார் எழுதுனாரு? லூசா சார் அவரு?" என்றான் ஒருவன்.

"லூசுதான்," என்றார் பொன்னழகு. சிரித்தார்.

"இப்ப என்ன சார் பண்றாரு?"

"வேலையில இருக்காரு. மாதிரித் தேர்வு ஆரம்பிக்கலாம். பேனாவ எடுங்க."

தாள்களைக் கொடுத்துவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மூன்றாவது பெஞ்சில் ஒரு பிள்ளை பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தது. அங்கே போய் நின்றார்.