மேசை முழுக்க மாவு

தெருவில் எல்லோருக்கும் அவள் டைலரக்கா. ஊருக்கெல்லாம் சட்டை தைத்தவள், யாரையும் சட்டை செய்தவள் இல்லை. அளவு கொடுக்க வந்தவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றால், "மூச்சை விடுங்க சார், சட்டை போடப் போறது நீங்கதானே, உங்க போட்டோ இல்லையே" என்பாள்.

கண் மங்கி, ஊசியில் நூல் கோப்பது பெரும்பாடாகிவிட்டபோது தையல் மிஷினை அவளாகவே விற்றாள். கட்டிங் டேபிளை மட்டும் விடவில்லை. மாடி வீட்டின் முன்னறையில் முக்கால்வாசியை அந்த மேசைதான் அடைத்துக்கொண்டிருந்தது. மேலே ஒரே பலகை. அந்தக் காலத்தில் கயிறு கட்டி ஜன்னல் வழியாக ஏற்றியது. அதன்பிறகு ஜன்னலுக்குக் கம்பி போட்டாகிவிட்டது. மாடிப்படியின் திருப்பத்தில் பலகை திரும்பாது. அறுத்தால்தான் வெளியே போகும்.

அந்த மேசையில்தான் அவள் பாஸ்தா செய்தாள். ஓட்டல் சமையல்காரர்களுக்குச் சீருடை தைத்த நாட்களில், ஒருவருக்கு இடுப்பளவு எடுக்கச் சமையலறைக்கே போகவேண்டி வந்தது. அவர் மைதாவில் முட்டை விட்டுப் பிசைந்த மாவைத் தேய்த்து விரித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் அவளுக்குத் தோன்றியது, இது துணிதானே என்று. கூடவே, இவ்வளவு சின்ன மேசையில் இவர் ஏன் கஷ்டப்படுகிறார் என்றும்.

வீட்டில் முதல்முறை செய்தது பாழ். பலகையிலிருந்த நீல சாக் கோடுகள் அப்படியே மாவில் ஏறிக்கொண்டன. அடுத்த முறை புடவையை மடிப்பதுபோல் மாவை மடித்து வைத்தாள். இடையில் மாவுப்பொடி தூவாததால் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டது. கத்தரிக்கோலை மட்டும் அவள் எடுக்கவே இல்லை. துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டியதற்கே மகன் அடி வாங்கிய வீடு அது.

போகப்போகக் கை பழகியது. மைதாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டையை உடைத்து ஊற்றி, கரை உடையாமல் உள்ளிருந்தே கலக்குவாள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளித் தள்ளிப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவிடுவாள். உடனே தேய்த்தால் மாவு பின்னுக்கு இழுக்கும். புதுத்துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டியவனுக்கு என்ன கதியோ அதுதான். தேய்க்க, திரைச்சீலை மாட்டும் மரக்கம்பு. தெருக்கோடித் தச்சர் அதை அளவாக அறுத்து, இழைத்துக் கொடுத்திருந்தார். மெல்லிசாகிவிட்டதா என்று பார்க்க இன்ச் டேப்பை மாவுக்கடியில் நுழைப்பாள். மாவின் வழியே எண் தெரிந்தால் போதும் என்று அர்த்தம். மங்கிய கண்ணுக்கே தெரிகிறதென்றால் மாவு நன்றாகத்தான் இருக்கவேண்டும். பிறகு ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, சுருட்டி, கத்தியால் நாடாநாடாக வெட்டுவாள். தின்றது போக மிச்சத்தை நன்றாக உலர்த்தி, பழைய பட்டன் டப்பாக்களில் போட்டு வைப்பாள்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மகன் விஷயத்தைச் சொன்னான். தச்சர் காலையில் வந்து மேசையை அறுத்து எடுத்துப் போவார். சாயங்காலம் சோபா வரும். பாஸ்தாதான் கடையில் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கிறதே என்றான். மனைவி இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினான்.

"அவளுக்கும் வீடு வீடு மாதிரி இருக்கணும்னு ஆசை இருக்காதாம்மா? நீ நின்னது போதும். இனிமே உக்காரு."

அவள் தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

காலையில் மகன் வேலைக்குக் கிளம்பியதும் மைதா டின்னைத் திறந்தாள். தச்சர் ரம்பத்தோடு படியேறி வந்தபோது மேசையின் பாதியை ஒரு மாவு விரிப்பு மூடியிருந்தது. மறுபாதியில் அவள் இன்னொன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"காயுது. உக்காருங்க."

தச்சர் ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேசையின் கால்களை மட்டும் முதலில் கழற்றட்டுமா என்று கேட்டுப் பார்த்தார். மரத்தூள் ஒரு துளி மாவில் விழுந்தாலும் அத்தனையையும் அவர்தான் தின்னவேண்டியிருக்கும் என்றாள். அவளுக்குத் தேய்க்கக் கம்பு கொடுத்ததே தான்தான் என்று அவர் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். முதல் விரிப்பு காய்ந்து, சுருண்டு, நாடாவானது. அந்த இடம் காலியாவதற்குள் அடுத்த உருண்டை வந்து இறங்கியது.

மருமகளுக்கு மருந்துக்கடையில் மாலை ஷிப்ட். அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவுக் குழியில் கடைசி முட்டை விழுந்தது. கூடை காலி. அதைத் தச்சரும் கவனித்தார். ரம்பத்தின் பல்லை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா," என்றாள் டைலரக்கா, கையை நிறுத்தாமல். "சோபா வேணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமே. கடிச்சுத் தின்னிருக்க மாட்டேன்."

"நானா? உங்களுக்கு முதுகு வலி, நீங்கதான் கேட்டீங்கன்னு சொன்னாரே அத்தை. நான் ராத்திரி வந்து காலை நீட்டி ஒரு வாய் சாப்பிடுறதே இந்த மேசையில ஏறி உக்காந்துதான்."

கம்பு நின்றது. தச்சர் கூரையைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய், நடுவுல சோபா," என்றாள் டைலரக்கா. "தையல் நல்லாத்தான் போட்டிருக்கான்."

மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு அட்டை முட்டை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மைதாவை அவளே கொட்டி, குழி பறித்தாள். கரை உடைந்து வெள்ளைக்கரு மேசை ஓரம்வரை ஓடியது. சட்டென்று இரண்டு கையாலும் அணை கட்டினாள். அவள் தேய்த்தது ஒருபக்கம் தடியாகவும், நடுவில் ஓட்டையாகவும் வந்தது. மாமியார் ஓரத்தில் கொஞ்சம் மாவைக் கிள்ளி ஓட்டைக்கு ஒட்டுப்போட்டாள்.

மதியம் மகன் தச்சருக்குப் போன் செய்தான். தச்சர் ஏதோ மென்று விழுங்க, மருமகள் மாவுக்கையோடு போனை வாங்கிக்கொண்டாள்.

"அறுக்க முடியாது. மேசையில மாவு காயுது... இல்ல, உங்கம்மா இல்ல. இது நான் போட்ட மாவு."

தச்சர் ரம்பத்தைத் துணியில் சுற்றினார். நாளைக்கு வரட்டுமா என்று பொதுவாகக் கேட்டுவைத்தார்.

"நாளைக்கும் மாவு இருக்கு," என்றாள் டைலரக்கா. அன்று செய்ததில் ஒரு பங்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். மரத்தூள் இல்லாதது என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

சாயங்காலம் மகன் வந்தபோது மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மேசையில் ஒரு சாண் இடமில்லை. நாற்காலியின் முதுகிலும் ஜன்னல் கம்பியிலும்கூட நாடாக்கள் தொங்கின. பையை வைக்க இடம் தேடி, கடைசியில் தோளிலேயே மாட்டிக்கொண்டு நின்றான். கீழே வண்டியின் ஹாரன் கேட்டது. சோபா வந்துவிட்டது.

"இப்ப அதை எங்கேம்மா போடறது?"

அவள் ஒரு நாடாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"உன் ரூம்ல போட்டுக்க. இடம் பத்தலைன்னா கட்டிலை அறுக்கச் சொல்லு. தச்சர் நாளைக்கும் சும்மாதான் இருக்காராம்."