மூன்றாவது மாதிரியின் மேல்தோல்

குமுதா சிலிக்கோனில் மனிதச் சதை செய்கிறாள். அடியில் சிவந்த தசை, அதன்மேல் மஞ்சள் கொழுப்பு, ஊடே நூல்போல ஓர் இரத்தக்குழாய், உச்சியில் மெல்லிய மேல்தோல். ஓர் அடுக்கு காய்ந்த பிறகுதான் அடுத்ததை ஊற்றலாம். அவள் வேலை செய்வது ஜார்ஜ்டவுனில் ஒரு சிறிய நிறுவனத்தில். நீரிழிவுக்காரர் காலில் இரத்தம் ஓடுகிறதா என்று ஒளி பாய்ச்சிப் படம் பிடிக்கும் கருவி அங்கே தயாராகிறது; அதை நோயாளிமேல் வைக்குமுன் இந்தச் சதைமேல் வைத்துச் சோதிப்பார்கள்.

மேல்தோல் மூன்று நிறம்: வெளுப்பு, மாநிறம், கறுப்பு. முதல் இரண்டிலும் திரையில் குழாய் பளிச்சென்று தெரிந்தது. கறுப்பில் ஒன்றுமே தெரியவில்லை. மேல்தோலில் கலந்த மை ஒளியை விழுங்கிவிட்டது.

பொறியாளர் டேரில் பிடரியைச் சொறிந்தான்.

"அக்கா, மை கொஞ்சம் கம்மியா போடுங்க லா. பாக்கக் கறுப்பாதானே இருக்கும்."

"மாநிறத்துக்குக் கிட்ட வந்துரும் தம்பி."

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிலேருந்து வராங்க. அடுத்த மெஷின்ல சரி பண்ணிக்கலாம்."

அவள் வாதாடவில்லை. பாதி மை கலந்து இன்னொன்று செய்தாள். கருவி தேறியது. டேரில் வாங்கித் தந்த தே தாரிக் டீயையும் குடித்தாள்.

ஃபெரி பிடித்து அக்கரையில் பாகான் டாலாம் வீட்டுக்கு வந்து, கணவன் திருநாவுக்கரசின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற உட்கார்ந்தாள்.

"உன் மெஷின் எப்ப வரும்? மொத டிக்கெட் என் காலுக்குத்தான்."

அந்தப் பாதத்தின் நிறம் அவளுக்குத் தெரியாததா? தொலைபேசியில் வாடகைக்கு வீடு காலி என்றவர்கள், நேரில் கண்டதும் ஆள் வந்தாயிற்று என்று கதவைச் சாத்திய நிறம். இனி இந்தக் கருவியும் அவனைப் பார்க்காது. தேறிவிட்டேன் என்ற சான்றிதழோடு வந்தும் பார்க்காது. மனிதர்களின் இழிவை இயந்திரத்துக்கும் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. அந்த மேல்தோலை ஊற்றிய கை இப்போது கட்டுப் போடுகிறது.

"புண்ணு மோசமா இருக்கா?"

"இல்லைங்க."

"பின்ன மூஞ்சி ஏன் இப்படி? மாமியாரப் பாத்த மாதிரி?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் சித்தி ஹாஜரா வந்தார். மூன்று மாதிரிகளிலும் கருவி தேறியது. அலமாரியில் கிடந்த பழைய கறுப்பு மாதிரியை குமுதா எடுத்துவந்து கருவியின் கீழ் வைத்தாள். திரை இருண்டது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் பார்த்தது நான் மை குறைத்துச் செய்தது, சரியான அளவு இதுதான் என்று மலாயில் சொன்னாள்.

அன்றே கருவியைத் திருத்தி அமைக்கத் திருப்பி அனுப்ப முடிவானது. நடையில் டேரில் அவளைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்றதா இருந்தா அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே அக்கா. நீங்க சொல்லியிருந்தா நானும் வற்புறுத்தியிருக்க மாட்டேன்."

அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. அவள் சொல்லிப் பார்க்கவில்லை.

ராத்திரி கட்டை அவிழ்த்தபோது திருநாவுக்கரசு மறுபடியும் கேட்டான்.

"எப்ப வரும்?"

"லேட்டாகும்ங்க," என்றாள். "ஏன்னு சொல்றேன். திட்டாம கேளுங்க."