கல்லை மட்டும் கேட்காதீர்கள்

விவேக் நகரில் எங்கள் கீழ்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு என் சாணைக்கல்லின் மேல் ஒரு கண். போன முறை இரவல் வாங்கிப்போய், நடுவில் படகு மாதிரி பள்ளம் விழத் தேய்த்துத் திருப்பித் தந்தார். அதைத் தேய்த்துச் சமப்படுத்தவே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இன்று காலை மறுபடி வந்தார்.

"கல்லு குடுப்பா, மட்டன் வெட்டணும்."

"தண்ணில ஊறுது ஆன்ட்டி. நல்லா ஊறினாதான் தீட்ட முடியும்."

மதியமும் வந்தார்.

"இப்பதான் நிழல்ல காய வச்சேன் ஆன்ட்டி. அவசரப்பட்டா விரிசல் விட்டுடும்."

ஆன்ட்டி இடுப்பில் கை வைத்தார். "காலைல ஊறுது, மதியம் காயுது. கல்லு வச்சிருக்கியா, வத்தல் போடுறியா?"

நான் பதில் சொல்வதற்குள் உள்ளே வந்து, ஜன்னலோரம் இருந்த கல்லை எடுத்து, கையோடு கொண்டுவந்த கத்தியை அதே நடுப்பகுதியில் கரகரவென்று தேய்க்க ஆரம்பித்தார். கத்தியைப் பிடுங்கி நானே தீட்டிக் கொடுத்தேன். அதற்காகத்தான் அப்படித் தேய்த்தாரோ என்று இப்போது தோன்றுகிறது.

போன கையோடு அபார்ட்மென்ட் குரூப்பில் ஆன்ட்டியின் மெசேஜ்: "செகண்ட் ஃப்ளோர் தம்பி சூப்பரா கத்தி தீட்டித் தர்றாரு. கல்லை மட்டும் கேக்காதீங்க, அழுதுடுவாரு."

இதோ, காலிங் பெல் அடிக்கிறது. கதவு ஓட்டை வழியாகப் பார்த்தேன். கையில் கத்தியோடு மூன்று பேர் நிற்கிறார்கள். மேல்வீட்டு கௌடா சார் "பாகிலு தெகீரி" என்று கன்னடத்தில் திறக்கச் சொல்லிக் கதவைத் தட்டுகிறார்.

திறக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.