நாலாம் வீட்டுச் சமையல் மேடை

துடியலூரில் ராமாத்தாளின் லைன் வீடுகளைத் தெரியாத வீட்டு புரோக்கர் கிடையாது. ஆனால் எந்த புரோக்கருக்கும் அங்கே வேலை இருந்ததில்லை. ஒரே வரிசையில் நான்கு வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு வாசல், ஒரு தண்ணீர்த் தொட்டி. கணவர் போன பிறகு அவிநாசிப் பக்கமிருந்த பூமியை விற்றுத்தான் அந்த வரிசையை வாங்கினாள். அப்போது ஓடு சரிந்து, சுவரெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. பணத்தை பேங்கில் போடச் சொன்ன அண்ணனிடம் "பாக்கலாமுங்கண்ணா" என்றவள், பத்திரம் முடிந்த பிறகுதான் சொல்லி அனுப்பினாள். ராமாத்தாள் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. சொல்லாமலே காரியத்தை நடத்திவிடுவாள்.

மற்ற வீட்டுக்காரர்கள் ரிப்பேர் என்ற சாக்கில் பழைய ஆட்களைக் கிளப்பிவிட்டு வாடகையை ஏற்றுவார்கள். இவள் ஒரு வீட்டில் கைவைத்தால், அதில் இருப்பவர்களைக் கொஞ்ச நாள் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓட்டைப் பிரித்துத் தார்சுக் கூரை போட்டு, தரையை மாற்றி, அதே ஆட்களைக் கூட்டி வந்து பால் காய்ச்ச வைப்பாள். "நான் ஊட்டத்தான் மாத்துறனுங்க, ஆள மாத்தறதில்ல" என்று பால்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். மூன்று வீடுகள் அப்படித்தான் முடிந்தன.

நாலாம் வீட்டில் பஷீரும் ஜாஹிதாவும் இருந்தார்கள். பஷீர் மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் சீட் தைக்கும் பட்டறையில் வேலை செய்தார். மகள் அஃப்ரா துடியலூரிலேயே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது. தொண்ணூற்றெட்டு பொங்கல் கழிந்ததும் அவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கரும்புக்கடையில் ஜாஹிதாவின் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

ஜாஹிதா குள்ளம். பழைய சமையல் மேடைக்கு எட்டாமல், ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்றுதான் ஆக்குவாள். கிளம்பும் நாளில் ராமாத்தாள் அவளைச் சுவரோரம் நிறுத்தி, முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே மேஸ்திரியைக் கரிக்கோடு போடச் சொன்னாள்.

"கொழந்தைக கூட்டாஞ்சோறு ஆக்கற மேடையாட்டமிருக்குமுங்க" என்றார் மேஸ்திரி.

"அப்ப ஒசரமாவே கட்டிப்போட்டு, எனக்குப் பதிலா நீங்க வந்து தினமும் ஆக்கிப்போடுங்க" என்றாள் ஜாஹிதா.

ராமாத்தாள் சிரித்துக்கொண்டே, இவளைத் தவிர வேறு யார் இங்கே ஆக்கப்போகிறார்கள், கோட்டுப்படியே கட்டுங்கள் என்றாள்.

பிப்ரவரியில் கோயமுத்தூரில் குண்டுகள் வெடித்தன. கொஞ்ச நாள் வேலையாட்கள் யாரும் வரவில்லை. மறுபடி சாந்துச் சட்டி உருளத் தொடங்கியபோது, முதல் வீட்டு பாவாத்தாள் ஒரு சொம்பு மோரோடு ராமாத்தாளிடம் வந்தாள். அவள் கணவர் மில்லில் சூப்பர்வைசர். அவளுடைய சின்ன மகன் பாதி நாள் ஜாஹிதா மடியில்தான் வளர்ந்தான்.

"அவங்க நல்லவங்கதானுங்க்கா. நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஆனா அவங்க திரும்பி வந்தா எங்க ஊட்டுக்காரரு இங்க இருக்க வேண்டாங்கறாரு. மத்த ரெண்டூட்டுலயும் அதேதான் பேசிக்கறாங்க."

ஜாஹிதாவை எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான் ராமாத்தாள் வாயெடுத்தாள். மூன்று வீடும் ஒன்றாகக் காலியாகிக் கிடப்பது கண்முன் வந்தது. "பாக்கலாம் அம்மணி" என்று சொல்லி மோரை வாங்கிக்கொண்டாள்.

மார்ச்சில் ஜாஹிதா வந்தபோது வேலை நிஜமாகவே முடிந்திருக்கவில்லை. அக்கா வீட்டில் ஒரே அறையில் எல்லாரும் படுக்கிறோம், அஃப்ரா இரண்டு பஸ் மாறி வருகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏப்ரலில் வேலை முடிந்துவிட்டது. டிஸ்டம்பர் அடித்தாயிற்று, கடப்பாக்கல் பதித்தாயிற்று. ராமாத்தாள் மேஸ்திரியிடம், மிஞ்சிய மணலை அள்ள வேண்டாம், வாசலிலேயே கிடக்கட்டும் என்றாள். சாரக்கட்டை இரண்டையும் கதவின்மேல் சாய்த்து வைக்கச் சொன்னாள். மேஸ்திரி அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சொன்னபடி செய்தார்.

அடுத்த தடவை வந்த ஜாஹிதா மணல் குவியலைப் பார்த்ததுமே பதில் தெரிந்துவிட்டவள்போல வாசலிலேயே நின்றாள். ராமாத்தாள் அவளுக்குக் காப்பி கொடுத்தாள், கை நிறைய முருங்கைக்காய் பறித்துக் கொடுத்தாள். ஒயரிங் ஆள் வரவில்லை என்றாள். அதற்கடுத்த தடவை ஆசாரி வரவில்லை. வேறு எங்கேயாவது கேட்டுப் பார்த்தீர்களா என்று மெதுவாக விசாரித்தாள். கேட்டோம், பேரைச் சொன்னதும் வீடு நேற்றே போய்விட்டது என்கிறார்கள் என்று ஜாஹிதா சொன்னாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"பள்ளிக்கூடந் தொறக்கறதுக்குள்ள ஆயிருமுங்களா அக்கா?"

"ஆயிருங் கண்ணு."

மே கடைசியில் ஒரு சாயங்காலம், வானம் கறுத்துக்கொண்டு வந்த நேரத்தில் பட்டறையிலிருந்து பஷீரே வந்தார். ராமாத்தாள் அப்போது கதவைத் திறந்துவைத்து நாலாம் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இனி மறைக்க வழியில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார், பளபளத்த தரையைப் பார்த்தார். சமையலறைக்குள் போய்க் கடப்பாக்கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தார். அது அவருடைய தொடையளவுதான் இருந்தது. 

"ஊடு நல்லா வந்திருக்குதுங்க்கா" என்றார்.

ராமாத்தாள் ஒயரிங் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வாசலுக்கு வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்: "அந்த மணல அள்ளி உள்ள போடச் சொல்லுங்க. மழை புடிச்சுதுன்னா எல்லாங் கரைஞ்சு போயிரும். வாரேனுங்க."

அவர் திரும்ப வரவில்லை. ஜாஹிதாவும் வரவில்லை. அன்று ராத்திரியே மழை பெய்து பாதி மணல் சாக்கடையோடு போயிற்று.

ஜூனில் பேங்கில் வேலை பார்க்கும் ஒருவரும் அவர் மனைவி பிரவீனாவும் குடிவந்து பால் காய்ச்சினார்கள். அந்த வாரமே ராமாத்தாள் ஏதோ வேலையாகப் போகிறவள்போலப் பட்டறைப் பக்கம் நடந்தாள். பஷீர் எழுந்து நின்று பேசினார். வீடு கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்துவிட்டது, பாப்பாவை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று என்றார். வீடு எங்கே என்று அவராகச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக்காவது ஒருநாள் வாங்க என்று அவர் சொல்ல வேண்டியிருக்கும்.

பிரவீனா நல்ல உயரம். மாதம் திரும்புவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். மேடை ரொம்பத் தணிவாக இருக்கிறது, குனிந்து குனிந்து முடியவில்லை, இரண்டு செங்கல் வைத்து ஏற்றிக் கொடுங்கள், செலவு எங்களுடையது என்றாள். நியாயமாகத்தான் கேட்டாள்.

"முடியாதுங்க" என்றாள் ராமாத்தாள்.

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அந்த வாசலில் யாரும் கேட்டதில்லை. தொட்டியோரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பாவாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். ராமாத்தாள் பிரவீனாவை விட்டுவிட்டு, பாவாத்தாளையே பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் இன்னொரு தடவை சொன்னாள்.

"முடியாதுங்க."