கையை எடுக்கச் சொன்னவள்

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் முடிந்ததும் தாய் தன் பிள்ளையைக் கொண்டுபோய் மாதா சுரூபத்தின் முன்னால், நீலத் தலையணையில் கிடத்த வேண்டும். பிறகு இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு ஓரடி பின்னால் நிற்க வேண்டும். ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடியும்வரை பிள்ளையை யாரும் தொடக்கூடாது. பிள்ளை உன்னுடையதுதான் தாயே, நீ பார்த்துக்கொள் என்று ஒப்புக்கொடுப்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்தத் தலையணையைத் தைத்தவள் தையலக்கா. பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்ப்பதும் அவள்தான். யாரும் நியமிக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்ட உத்தியோகம். எந்தத் தாயாவது ஒரு விரலைப் பிள்ளையின் காலோரம் விட்டுவைத்தால் தொலைந்தாள்.

"குடுத்தா முழுசாக் குடுக்கணும்மா. ஒரு விரலை வச்சுக்கிட்டே இருந்தா அது குடுத்ததா? கையை எடு."

அப்படி அதட்ட அவளுக்கு உரிமை உண்டு என்றுதான் ஊரே நினைத்தது. கல்யாணமாகி வெகுகாலம் ஏங்கி ஏங்கிப் பெற்றது ஒரே ஒரு பெண். அது தவழ்வதற்குள் புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த ஒற்றைப் பிள்ளையைப் பீடத்தின் முன்னால் கிடத்தி, அது வீறிட்டு அழுதும் அசையாமல், மந்திரத்தை ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தவள் அவள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் யாரும் அந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை.

பெண் வளர்ந்து நர்ஸ் ஆனாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, சாகக் கிடக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் கன்னியர் மடத்தில் சேரப்போவதாகச் சொன்னாள். மடம் தொலைதூரத்தில் இருந்தது. தையலக்கா வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். ஃபாதர் பிரசங்கத்திலேயே அவளை உதாரணம் காட்டினார். ராத்திரியில் அவள் கண்ணை மூடாதது யாருக்கும் தெரியாது.

கிளம்புகிற நாள் வந்தது. வாசலில் கார் நின்றது. மகள் பையைத் தோளில் மாட்டினாள். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தாயின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. திட்டம் போட்டுச் செய்ததில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் போன கையை அப்புறம் கீழே இறக்க முடியவில்லை. வலிக்கிறது என்று வாயும் சேர்ந்துகொண்டது. மகள் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வெளியே போய் வண்டியை அனுப்பிவிட்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் பயப்பட ஒன்றுமில்லை, ஓய்வு எடுங்கள் என்றார்கள். மகள் பழைய வேலைக்கே திரும்பினாள். அம்மாவை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. வெறுமனே தொங்கிய அந்தப் பயணப் பையில் தையலக்கா வெட்டுத்துணிகளைத் திணித்து வைத்தாள். சும்மா கிடந்து தூசி படிவானேன் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். கோயில் பெண்களோ, போகப் பார்த்த மகளை மாதாவே நிறுத்திக் கொடுத்துவிட்டாள், எல்லாம் இவள் விசுவாசம் என்று வாயாரப் புகழ்ந்தார்கள். மாதாவையும் தன் பொய்க்குச் சாட்சியாக்கிவிட்டோமே என்று அவள் கூசிப்போவாள். ஆனாலும் தலையை ஆட்டி வைப்பாள். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, கோபப்பட்டதைச் சொன்னாள், புறணி பேசியதைச் சொன்னாள், மிஞ்சிய துணியைத் திருப்பிக் கொடுக்காததைக்கூடச் சொன்னாள். இதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி குழந்தையைத் தலையணையில் கிடத்தினாள். அவள் விரலொன்று குழந்தையின் பாதத்தில் ஒட்டியே இருந்தது. எல்லோரும் தையலக்காவைப் பார்த்தார்கள். இதோ வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று ஒருத்தி சிரிக்கவும் தயாராகிவிட்டாள். தையலக்காவோ அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலைப்பிள்ளைக்காரியே மெதுவாகக் கேட்டாள். "கை வரமாட்டேங்குதுக்கா. நீங்க எப்படிக்கா எடுத்தீங்க?"

தையலக்காவுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை தாய்மாரை இதே இடத்தில் நிற்கவைத்து அதட்டிய வாய்.

"நான் எடுக்கலம்மா," என்றாள். அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. தையலக்கா விளக்கவும் நிற்கவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எல்லோரையும் தாண்டி வெளியே போனாள்.

வீட்டில் மகள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் தையலக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னைக்கு எனக்கு நெஞ்சு வலிக்கலடி."

"தெரியும்மா," என்றாள் மகள். "நாடி பிடிச்சப்பவே தெரியும்."

தையலக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் தெரிந்துகொண்டே தண்ணீர் தூக்கியிருக்கிறாள், தெரிந்துகொண்டே மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அப்புறம் ஏன் போகவில்லை என்று கேட்டாள்.

"உன்னைப் பொய்க்காரியாக்கிட்டு எப்படிம்மா போறது? நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்."

தையலக்கா முழங்காலில் முகம் புதைத்து வெகுநேரம் அழுதாள். பிறகு எழுந்து, பையிலிருந்த வெட்டுத்துணிகளையெல்லாம் தரையில் கொட்டினாள். பையை உதறித் துடைத்து, அறுந்திருந்த ஓரத்தையும் தைத்து மகளிடம் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ரயிலடிக்கு இரண்டு பேரும் போனார்கள். வழியனுப்ப யாரையும் வரவேண்டாம் என்று தையலக்கா சொல்லிவிட்டாள். இந்தத் தடவை அவளுக்கு யாருடைய புகழும் வேண்டியிருக்கவில்லை. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தாய் கம்பி வழியாக அவள் கையைப் பிடித்தபடி, அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தாள். பாதியில் வார்த்தை மறந்துபோனது. மகள்தான் எடுத்துக்கொடுத்தாள். மந்திரம் முடிந்தது, வண்டியும் அசைந்தது. தையலக்கா கூடவே நடந்தாள்.

"அம்மா," என்றாள் மகள் மெதுவாக. "கையை எடும்மா."

அவள் கையை எடுத்தாள்.