தங்கரத்தினம் அழைத்துப்போன ஞாயிற்றுக்கிழமைகள்

தங்கரத்தினம் அக்காவைப் பற்றி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகளைத் தோட்டம் தோட்டமாகக் கூட்டிப்போய் சனங்களுக்கு உழைத்தவர் என்பார்கள் சிலர். போலீசுக்குப் பேர் எழுதிக் கொடுத்தவர் என்பார்கள் வேறு சிலர். நான் ஒரு வருஷம் அவருடன் போனவள். இரண்டில் எது உண்மை என்று பார்க்கத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

அது 1988. ஆறு வருஷம் வெளிநாடுகளில் திரிந்துவிட்டு நான் கிள்ளானில் அப்பா வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். முந்தின வருஷக் கடைசியில் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசிய பலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. கடையில் தேத்தண்ணீர் குடிக்கும்போதுகூட ஆட்கள் பக்கத்து மேசையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்கள். சேவை செய்ய வந்தவர்கள் என்று நான் போன நாடுகளில் பலரைப் பார்த்திருந்தேன். அவர்களில் பாதிப் பேர் ராத்திரியானால் யாருக்கோ அறிக்கை எழுதுவார்கள். அதனால், பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கத்தின் தோட்டப் பயணங்களுக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஆசையும் வந்தது, சந்தேகமும் வந்தது.

ஞாயிறு காலை ஆறரைக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் முன்னால் கன்னையாவின் பஸ் நிற்கும். வார நாட்களில் பூச்சோங் பக்கம் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றும் பழைய பஸ். தங்கரத்தினம் அக்கா எல்லாரையும் ஏற்றி, பேர் கூப்பிட்டு, இறங்கி பஸ்ஸை ஒரு சுற்று சுற்றி வந்து, திரும்பவும் பேர் கூப்பிடுவார்.

"இருபத்திரண்டு பேரும் இங்கதான் இருக்காங்கக்கா. செமினி போறதுக்குள்ள யாரு பறந்துடப் போறா?" என்பார் கன்னையா.

"பறந்தா உனக்கென்ன? கையெழுத்துப் போட்டது நான்லா."

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவரின் மகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தின் மாணவர் பிரிவில் தட்டச்சர். மாணவர்கள் வெளியே போனால் ஓர் அலுவலர் உடன் போக வேண்டும் என்பது விதி. விரிவுரையாளர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொல்லி நழுவ, 1977இல் "இந்த ஒரு தடவை மட்டும்" என்று இவரை அனுப்பினார்கள். அந்த ஒரு தடவை பதினொரு வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

ஆரம்பத்தில் மாணவர்கள் தோட்டத்துக் கோயிலுக்குச் சாயம் பூசினார்கள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைப் படிப்படியாக மாற்றியவர் இவர்தான் என்று மாணவர்கள் சொன்னார்கள். ஒரு ஞாயிறு ஒரு பையன் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி பிஸ்கட் கொடுத்து, படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினான். அக்கா அவன் முன்னால் போய் நின்றார்.

"உங்க வீட்டு வாசல்ல உன்னை நிக்க வெச்சு நான் படம் புடிக்கட்டுமா? உள்ள வை. போய் அவங்க என்ன சொல்றாங்கன்னு கேளு. கேட்டதை எழுது."

எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் 'எழுது' என்ற சொல் மனதில் நெருடியது. எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. தோட்டத்துக் கணக்கரான கிராணி பேனாவைத் திறந்தால் உன் பேரைத் தேடுகிறான் என்று அர்த்தம். தோட்டத்து ஆபிஸ்களில் கிராணி வேலை பார்த்தவர்களில் பலர் அக்காவைப் போல யாழ்ப்பாணத்து ஆட்கள். பேர் வெட்டுப்பட்டு வேலை இழந்தவர்கள் எங்கள் ஆட்கள்.

செமினிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை வீட்டு மனைகளுக்காக விற்கப்போவதாகப் பேச்சு. ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்களுக்கு வேலை போனால் லயத்து வீடும் போகும். அங்கேயே வீடு கட்டித் தரவேண்டும் என்று தொழில் இலாகாவுக்கு ஒரு மனு தயாரானது. மாணவர்கள் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். தாள்களை வைத்திருந்தவர் பதினேழாம் நம்பர் வீட்டுப் பவுனம்மாள். ஐம்பது வயது இருக்கும். காது கேளாத தங்கை நல்லம்மாளுடன் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த லயத்தில் யாருக்குச் சண்டை வந்தாலும் அவர் வாசலுக்குத்தான் வருவார்கள்.

மனு எழுதத் தொடங்கிய மூன்றாவது ஞாயிறு நாங்கள் போய் இறங்கியபோது அவர் வீட்டு முன்னால் தோட்டத்து ஜீப் நின்றது. கிராணி உள்ளே போய் அரிசி டின்னைக்கூடத் திறந்து பார்த்தார். நல்லவேளை, பவுனம்மாள் முந்தின நாள்தான் தாள்களை வேறு வீட்டுக்கு மாற்றியிருந்தார்.

"பேப்பர் எங்க?"

"என்ன பேப்பர்ங்கய்யா? எனக்கு ஆனா ஆவன்னாகூடத் தெரியாது."

புதன்கிழமை நோட்டீஸ் வந்தது. தோட்டத்து வீட்டில் அனுமதியில்லாமல் கூட்டம் போட்டதால் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மாதக் கடைசிக்குப் பதினான்கு நாள் இருந்தது. பவுனம்மாளுக்கும் தங்கைக்கும் போக வேறு இடம் இல்லை.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதலில் எனக்குக் கன்னையாமேல்தான் சந்தேகம். நாங்கள் லயத்துக்குள் போனதும் அவர் தோட்டத்து வாசல் காவல்காரரோடு போய் உட்கார்ந்துவிடுவார். நேராகவே கேட்டேன்.

"என்னையா? தங்கச்சி, நான் போறது நாலு நம்பர் லாட்டரிக்கு எண் கேக்க. அந்தாளு கனவுல நம்பர் வரும். ரெண்டு தடவை எனக்கு விழுந்திருக்கு." கொஞ்சம் யோசித்தார். "ஆனா ஒண்ணு. நாம வர்றது அவனுக்கு முன்னாடியே தெரியுது. 'இன்னிக்கு இருபத்திரண்டு பேருதானே'ன்னு அவன்தான் என்கிட்ட சொல்றான். கையில காகிதம் வெச்சிருக்கான்."

அன்று பின்னேரமே மாணவர் பிரிவு ஆபிசுக்குப் போனேன். அக்கா தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் செருகிக்கொண்டிருந்தார். தோட்டத்துக் கோப்பைக் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு கடிதம். தோட்ட நிர்வாகியான துரைக்கு, மலாய் மொழியில், மிக மரியாதையாக. மாணவர்களின் பேர்கள். நோக்கம். கடைசியில் நிகழ்விடம்: வீட்டு எண் பதினேழு, பவுனம்மாள். பிரதிகள் தொழில் இலாகாவுக்கும் போலீஸ் நிலையத்துக்கும்.

"நீங்கதான் சொன்னீங்களா?"

"நான் யாருட்டயும் சொல்லலை. எழுதினேன்."

அவர் முகத்தில் ஒளிவு தெரியவில்லை. அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பக்கிரிசாமின்னு ஒரு பையன் இருந்தான்," என்றார். "எழுபத்தொன்பதுல லெட்டர் இல்லாம நாலு பேரைக் கூட்டிக்கிட்டு பூச்சோங் குடிசைப் பக்கம் போனான். புடிச்சிட்டாங்க. அவன் போனதுக்கு நம்ம கோப்புல ஒரு வரி கிடையாது. எதை வெச்சு அவனுக்காகப் பேசுறது? படிப்புப் போச்சு. இப்ப போர்ட் கிள்ளான்ல லோரிக்கு மூட்டை ஏத்துறான். அதுக்குப் பிறகு நான் ஒருத்தரையும் லெட்டர் இல்லாமக் கூட்டிப் போனதில்லை."

"உங்க பிள்ளைங்களுக்குச் சரி. பவுனம்மா?"

"நிகழ்விடம்னு ஒரு இடம் இருக்கு, பிள்ளை. வெறுமையா விட்டா லெட்டர் திரும்பி வந்துடும்."

"அதனால அவங்க வீட்டை எழுதிக் குடுத்துட்டீங்க. அவங்களைக் கேட்டீங்களா?"

பதினொரு வருஷம் தோட்டங்களுக்குப் போனவருக்கு பேர் எழுதினால் என்ன நடக்கும் என்பது தெரியாமல் இருக்குமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் விடுப்புப் பாரத்தை எடுத்தார். வெள்ளிக்கிழமை. காரணம் என்ற இடத்தில் 'தோட்ட நிர்வாகியைச் சந்திக்க' என்று உள்ளதை உள்ளபடியே அடித்தார். அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் எழுதக்கூடாத காரணம் அது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் போகிறாரோ என்று நானும் கூடவே கிளம்பினேன்.

அன்றைய தொழிற்சாலைச் சவாரியை விட்டுவிட்டுக் கன்னையா எங்களைக் கூட்டிப்போனார். வெள்ளி விடியற்காலை பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாளியும் உளியுமாக வரிசையில் நின்ற பவுனம்மாள் எங்களைப் பார்த்துவிட்டார்.

"எதுக்கு வந்தே? இன்னும் எந்த வீட்டுப் பேரு பாக்கி இருக்கு?"

நான் கன்னையாவிடம் சொன்ன விஷயம் அவருக்கு எட்டிவிட்டது. கன்னையா தரையைப் பார்த்தார்.

"எழுதினது நான்தான். உங்களைக் கேக்காம எழுதினேன். தப்பு," என்றார் அக்கா.

"என்கிட்ட சொல்லி என்னாத்துக்கு? அந்தா நிக்கிறாரு பாரு துரை, அவர்கிட்ட சொல்லு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு."

அக்கா போய்ச் சொன்னார். வரிசை முழுக்கக் கேட்டது. கூட்டத்தை ஏற்பாடு செய்தது நான், வீட்டைக் குறிப்பிட்டது நான், நோட்டீஸ் கொடுப்பதென்றால் என்மேல் புகார் எழுதுங்கள் என்றார். துரை கோபப்படவில்லை. கிராணியைக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். கிராணி ஒரு வெள்ளைத்தாளுடன் வந்தார்.

"பவுனம்மாளுக்கு ஒண்ணும் தெரியாது, மாணவர்கள்தான் ஏமாத்திக் கூட்டம் போட்டாங்க, இனிமே வரமாட்டாங்கன்னு எழுதிக் குடுத்துடுங்க. நோட்டீசைத் திருப்பி வாங்கிக்கிறேங்கிறாரு துரை."

அக்காவின் கை பேனாவுக்குப் போனது. அவ்வளவு சீக்கிரம் போயிருக்க வேண்டாம் என்று எனக்குப் பட்டது.

"எழுதாதே," என்றார் பவுனம்மாள். வாளியைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எப்படி எழுதுவே? வந்து உக்காருங்கன்னு கூப்பிட்டது நான். பாய் போட்டது நான். அறுபத்து மூணு பேருகிட்ட கைநாட்டு வாங்கினது நான்."

"வீடு போயிடும், பவுனம்மா."

"நீ எழுதினப்ப என்னைக் கேக்கலை. இப்பவும் கேக்காமத்தான் எழுதப் போறியா?"

அக்கா பேனாவை மூடினார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். நோட்டீஸ் அப்படியே நின்றது.

பஸ்ஸுக்குத் திரும்பியதும் அக்கா சொன்னார், காலி செய்யும்படி சொன்னதை எதிர்த்துத் தொழில் இலாகாவில் முறையீடு கொடுக்கலாம், விசாரணை முடியும்வரை வீட்டில் கை வைக்க முடியாது, ஆனால் அது மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று. பவுனம்மாள் அன்றைய பால்வெட்டை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினார். அவர் சொல்லச் சொல்ல அக்கா மடியில் அட்டையை வைத்து மலாயில் எழுதினார். முடித்துத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"சரி. நீ இறங்கி அந்த மரத்துக்கிட்டப் போய் நில்லு," என்றார் பவுனம்மாள் அக்காவிடம். என்னைப் பார்த்தார். "நீ வாசி."

வாசித்தேன்.

"அவ 'காலி பண்ண'ன்னு சொன்னா. நீ 'வெளியேத்த'ன்னு சொல்றே. எது எழுதியிருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. மலாயில ஒரே வார்த்தைதான்."

"கன்னையா, நீ வாசி."

கன்னையா எழுத்துக் கூட்டி வாசித்தார். பாதியில் நிறுத்தி, "இதுக்கு நாலு நம்பர் பரவால்லைக்கா," என்றார். பவுனம்மாள் சிரிக்கவில்லை. மூன்று பேர் சொன்னதையும் வாய்க்குள் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகுதான் கட்டைவிரலை நீட்டினார்.

அக்கா மரத்தடியில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டபோது வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். அந்த விடுப்புப் பாரத்துக்காக அடுத்த மாதம் அவரைக் கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். மாணவர்களோடு அவர் அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. துரோகம் செய்தவர்களுக்கு இப்படித் தண்டனை வருமா என்று என் அப்பாவைக் கேட்டேன். "வெளியில காட்டிக்கிறதுக்கு மாத்தியிருப்பாங்க," என்றார் அப்பா. என்னால் அவரோடு வாதாட முடியவில்லை. நம்பவும் முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே காஜாங்கிலிருந்த தொழில் இலாகாவுக்கு பஸ்ஸில் போனோம். உறையை அக்கா வாங்கக் கை நீட்டியபோது பவுனம்மாள் கொடுக்கவில்லை. தானே முகப்பு மேசைக்குக் கொண்டுபோய் வைத்தார். அங்கே இருந்த பெண் முத்திரை குத்திப் பிரதியைத் திருப்பித் தந்தாள். பவுனம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்களில் யாரையும் கேட்காமல், வரிசையில் பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் காட்டினார்.

"அண்ணே, இதுல என்னா தேதி போட்டிருக்கு?"

அவர் சொன்னார். மாதக் கடைசிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

பவுனம்மாள் காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்தார். "கன்னையா, வீட்டுக்கு விடு," என்றார். "நல்லம்மா சோறு வடிக்காம மூட்டை கட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. போய் அவுக்கச் சொல்லணும்."