ரிசர்வைத் தேடிய இடது கை

இன்று கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம். மனைவியோடு என் புது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பைக்கில் போனேன். பெட்ரோல் விளக்கு எரிந்தது. ரிசர்வ் இருக்குமே என்று விட்டுவிட்டேன்.

வண்டி நடுவழியில் நின்றது. இடது கை தானாக டேங்குக்குக் கீழே போய்த் துழாவியது.

"அங்கன என்னத்தத் தேடுதிய?" என்றாள் மனைவி.

ரிசர்வுக்குத் திருப்பும் நாபைத்தான். என் பழைய வண்டியில் அங்கேதான் இருக்கும், இந்த வண்டியில் அது கிடையாது!

பின்னாலேயே நண்பன் மாரி வந்தான், நான் ஒரு வாரமாகக் கேலி செய்யும் அவனுடைய பழைய கார்புரேட்டர் வண்டியில். தன் வண்டியை ஓட்டிக்கொண்டே காலால் என் வண்டியை உந்தித் தள்ளினான். பாதி வழியில் அவன் வண்டியும் இருமியது. குனிந்து ரிசர்வில் போட்டான், ஓடிவிட்டது.

"ரிசர்வுல ஓடிக்கிட்டே ஒன்னையும் சேத்துத் தள்ளுதேன், பாத்தியாலே!"

மனைவி சிரித்த சிரிப்பு பெட்ரோல் பங்க் வரை ஓயவில்லை. பந்திக்கு நேரத்தோடு போய்விட்டோம்.

வண்டி மாறியும் பழக்கம் மாறாதவர்கள் கை தூக்குங்கள். இடது கையை.